பனி வழிவிடும் ஆறு மாதம்

வடநாட்டில் குடியேறி வாழும் தமிழர்களுக்கு மே மாதம் ஒரு சோதனைக் காலம். தில்லியிலோ, ஆக்ராவிலோ, கான்பூரிலோ வாழ்பவர்கள் ‘லூ’ என்னும் அனற்காற்றை நன்கு அறிவார்கள். பகல் பதினொரு மணிக்கு மேல் தெருவில் நடமாட்டம் அற்றுவிடும். குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் நம்மவரில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: தெற்கே செல்லும் ரயிலில் இடம் பிடித்து ஊருக்குப் போவது. ஊரில் பெற்றோர் இருக்கும்வரை வேறு எண்ணமே எழுவதில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டில் கொடுத்துவிடும் காலம் வந்தபின்னரே, ‘இந்த விடுமுறையில் எங்கே போவது?’ என்னும் கேள்வி பிறக்கிறது.

எங்கள் குடும்பத்தில் அந்தக் கேள்வி 2024-ஆம் ஆண்டில் பிறந்தது. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார ஆளில்லாமற்போன முதல் கோடை அது. தெற்கே போக மனம் வரவில்லை. ஜூன் மாதத் தொடக்கத்தில் நானும் என் மனைவியும் கங்கோத்ரிக்குப் புறப்பட்டோம். அவளுக்குக் கோயில் வழிபாட்டில் ஈடுபாடு மிகுதி. எனக்கு அவ்வளவாக இல்லை. குளிர்ந்த காற்றே எனக்குப் போதுமான வரமாக இருந்தது.

கங்கோத்ரிக் கோயிலைப் பற்றி முதலில் சொல்லவேண்டியது, அது ஆண்டில் பாதி நாள் மூடியே இருக்கும் என்பது. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் அது இருக்கிறது. கார்காலம் போய்க் குளிர்காலம் வந்தால், வீடுகளும் கடைகளும் வழியும் பனியில் மறைந்துவிடும். ஆகவே தீபாவளிக்கு மறுநாள், அன்னகூடம் என்று வழங்கும் நாளில், கோயிற் கதவை மூடுகிறார்கள். கங்கையன்னையின் உற்சவ விக்கிரகத்தைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கீழே உள்ள முக்பா என்னும் கிராமத்திற்குக் கொண்டுபோகிறார்கள். அடுத்த அக்ஷய திரிதியை நெருங்கும்வரை அன்னைக்கு வாசம் அங்கேதான். பின்னர் அதே பல்லக்கு, இடையே பைரவ்காட்டியில் ஓரிரவு தங்கி, மேலே ஏறிச் செல்கிறது. கோயில் அர்ச்சகர்களான சேம்வால் குடும்பத்தினருக்கும் முக்பாவே சொந்த ஊர்.

யமுனோத்ரி, கேதாரம், பதரி ஆகிய தலங்களிலும் இந்த முறையே நடக்கிறது. யமுனை கர்சாலிக்கும், கேதாரநாதர் ஊகிமடத்திற்கும் இறங்கி வருகிறார்கள். நம் ஊர்களில் உற்சவர் வீதியுலா வந்து, பொழுது சாய்வதற்குள் சன்னிதிக்குத் திரும்பிவிடுவார். இங்கோ தெய்வமே குளிருக்கு அஞ்சும் குடியானவரைப்போல ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஊர் மாறுகிறது. மூடிய கோயிலில் தேவர்கள் வந்து பூசை செய்வதாக ஐதிகம். மனிதருக்கு ஆறு மாதம், தேவருக்கு ஆறு மாதம் என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். பனியோடு வழக்காடிப் பயனில்லை என்பதை இதைவிடப் பணிவாகச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தோன்றவில்லை.

உத்தரகாசியைத் தாண்டியதும் பாகீரதியின் பள்ளத்தாக்கு ஒடுங்கிச் செல்கிறது. பிறகு ஹர்சிலுக்கு அருகே எதிர்பாராத வகையில் விரிகிறது. மணல் திட்டுகளுக்கிடையே ஆறு பல கிளைகளாகப் பிரிந்து ஓட, இருமருங்கும் தேவதாரு மரங்கள் அடுக்கடுக்காக ஏறிச் செல்கின்றன. தேவர்களின் மரம் என்று பெயர் பெற்றும் அந்த மரம் கோடரிக்குத் தப்பவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆங்கிலப் படையைவிட்டு ஓடிவந்த வில்சன் என்பவர், டேஹ்ரி மன்னரிடம் காட்டைக் குத்தகைக்கு எடுத்து, ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டார். அவை கீழே சமவெளியில் ரயில் பாதைக்குச் சிலீப்பர் கட்டைகளாயின. பிற்காலத்தில் நம்மவர் பிழைப்புத் தேடி வடக்கே வந்த இருப்புப் பாதைகளில் சிலவற்றிற்கு இந்தக் காடு படுக்கையாகக் கிடந்தது என்று எண்ணுகையில் சற்றுக் கூச்சமாகவே இருந்தது. ஹர்சிலுக்கு ஆப்பிள் பயிரைக் கொண்டுவந்தவரும் அதே வில்சன்தான். வெட்டியவரே நட்டும் போயிருக்கிறார்.

ஹர்சிலை ஒட்டி பகோரி என்னும் ஊர் இருக்கிறது. அங்கு வாழும் ஜாட் இனத்தவர் முன்பு திபெத்திய எல்லையருகே நேலாங், ஜாடுங் என்னும் ஊர்களில் இருந்தவர்கள். 1962-இல் சீனப் போர் வந்தபோது அவர்கள் ஊர்கள் காலி செய்யப்பட்டன. அன்று வந்தவர்கள் பகோரியில் நிலைத்தார்கள். நிலைத்தார்கள் என்பதுகூட முழு உண்மை அன்று. கோடையில் மட்டும் அங்கு இருந்துவிட்டு, குளிர்காலத்தில் உத்தரகாசிக்குக் கீழே உள்ள துண்டாவுக்கு ஆடுகளோடும் கம்பளித் தறிகளோடும் இறங்கிவிடுகிறார்கள். தெய்வமும் மக்களும் மந்தையும் ஒரே நாட்காட்டியைப் பின்பற்றுகின்ற பள்ளத்தாக்கு அது.

முக்பாவுக்கு நடந்து ஏறினோம். மரத்தாலான பழைய வீடுகள், சிறு கோயில் ஒன்று, எதிரே திறந்த வானம். ஆற்றின் மறுகரையில், கீழே, தராலி என்னும் ஊரின் கூரைகள் தெரிந்தன. யாத்திரைச் சாலை அந்தக் கரையில்தான் செல்கிறது. ஆகவே விடுதிகளும் சிற்றுண்டிக் கடைகளும் அங்கேதான். வெயிலில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் எங்களை அருகே அழைத்து, தெற்கிலிருந்து வந்தவர்கள் என்று அறிந்ததும் இந்தியில் கேட்டார்:

“உங்கள் ஊர்த் தெய்வம் குளிர்காலத்தில் எங்கே போகும்?”

“எங்கள் ஊரில் குளிர் இல்லை, ஐயா. தெய்வம் எங்கும் போகாது. நாங்கள்தான் போய்விட்டோம்” என்றேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. “திரும்பும் நாள் குறித்திருக்கிறீர்களா?” என்று மட்டும் கேட்டார். பல்லக்கு போவதற்கும் ஒரு நாள், திரும்புவதற்கும் ஒரு நாள் என்று பழகிய மனிதருக்கு இயல்பாக வரக்கூடிய கேள்வி. என்னிடம் விடை இல்லை. என் மனைவி பேச்சை மாற்றி, ஆப்பிள் விளைச்சலைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினாள்.

கங்கோத்ரிக் கோயில் வெண்ணிறக் கல்லால் ஆனது. கார்வால் நாடு கூர்க்கர் ஆட்சியில் இருந்த காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமர்சிங் தாப்பா என்னும் தளபதி எடுப்பித்தது. கோயிலைவிடக் கோயிலின் அருகே கேட்கும் ஓசை என்னை ஆட்கொண்டது. பாகீரதி அங்கே பாறையைக் குடைந்துகொண்டு பாய்கிறது. நீர் பளிங்குபோல் இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். பனியாறு தன் அடியில் உள்ள பாறையை அரைத்து மாவாக்குகிறது. அந்த மாவைச் சுமந்து வருவதால் கோடையில் நீர் சாம்பல் கலந்த பால்போல் இருக்கிறது. நீரில் மூழ்கியிருக்கும் இயற்கையான சிவலிங்கம் ஒன்று அங்கு உண்டு. குளிர்காலத்தில் வெள்ளம் வற்றும்போதுதான் அது வெளியே தெரியுமாம். அப்போது கோயில் மூடியிருக்கும், காண்பதற்கு யாத்திரிகர் இருக்கமாட்டார்கள். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கங்கோத்ரியிலிருந்து கோமுகம் 18 கிலோமீட்டர், நடந்தே போகவேண்டும். அந்த வழி கங்கோத்ரி தேசியப் பூங்காவுக்குள் செல்வதால் வனத்துறையின் அனுமதி தேவை. நாளொன்றுக்கு 150 பேருக்கு மேல் விடுவதில்லை. கோயில் வாசலில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடிக்க, காட்டின் வாசலில் இப்படி ஓர் எண்ணிக்கை வைத்திருப்பதைக் கண்டு சிலர் சினம் கொள்கிறார்கள். அந்தச் சினம் எவ்வளவு பொருந்தாதது என்பது வழியில் உள்ள போஜ்பாசாவைக் கண்டால் விளங்கும். போஜ மரம் என்பது பூர்ஜ மரம். பண்டைக் காலத்தில் அதன் பட்டையில்தான் சுவடி எழுதினார்கள். நமக்குப் பனையோலைபோல வடக்கே அவர்களுக்குப் பூர்ஜப் பட்டை. அந்த மரக் காட்டினால் பெயர் பெற்ற போஜ்பாசாவில் காட்டைக் காணோம். யாத்திரிகருக்கு வெந்நீர் போடவும், ரொட்டி சுடவும், குளிர்காயவும் விறகாகப் போய்விட்டது. பக்தியின் பேரால் எரிந்த காடு அது. மலையேறும் வீராங்கனையும் பேராசிரியையுமான ஹர்ஷவந்தி பிஷ்ட் என்பவர் அங்கே நாற்றுப் பண்ணை வைத்துப் பூர்ஜ மரங்களை மீண்டும் வளர்க்க முனைந்தார். இந்திய மலையேற்றச் சங்கத்திற்கு 2021-இல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணி அவர். அந்த உயரத்தில் ஒரு செடி முழங்காலளவு வளரவே பல ஆண்டுகள் ஆகும். அதைக் கண்டபின் 150 என்னும் எண் எனக்குத் தாராளமாகவே தோன்றியது.

இங்கே போக எண்ணும் நேயர்களுக்கு ஒரு சொல். கோமுகம் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரம். அங்குக் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே இருக்கும். தில்லியில் உணவருந்திவிட்டு மறுநாள் மாலை கங்கோத்ரியில் நிற்பதும், அதற்கு அடுத்த நாளே மேலே ஏறுவதும் உடலுக்கு இழைக்கும் தீங்கு. ஹர்சிலில் ஓர் இரவு, கங்கோத்ரியில் ஓர் இரவு தங்கி, உடலைப் பழக்கிக்கொள்ளவேண்டும். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை சேர்ந்து வந்தால் மேலே ஏறாதீர்கள். மூச்சுத் திணறலோ தடுமாற்றமோ தோன்றினால் இரவென்றும் பாராமல் கீழே இறங்கிவிடுவதே முதல் மருந்து. வழியிலுள்ள ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். இரவுக் குளிரில் பனி உருகுவது குறைவதால் காலையில் நீர் அடங்கியிருக்கும். கல்லின்மேல் கால்வைத்துக் கடந்த அதே ஓடை, பிற்பகலில் அந்தக் கல்லையே மூடி ஓடும்.

நாங்கள் சீர்பாசாவரை ஒருநாளும், அங்கிருந்து மேலே மறுநாளுமாக நடந்தோம். எங்களுடன் நாக்பூரில் நாற்பது ஆண்டுகளாக வாழும் தமிழ் அம்மையார் ஒருவர் மகனோடு வந்தார். எழுபது வயது இருக்கும். மடிசாரின்மேல் கம்பளிச் சட்டை, காலில் மகனுடைய பழைய பூட்ஸ். பாகீரதி சிகரங்கள் வெயிலில் மின்னிக்கொண்டு நின்றன. அவற்றுள் மிக உயர்ந்ததன் உயரம் 6,800 மீட்டருக்கும் மேல். ஆனால் கோமுகம் கண்ணுக்கு அழகான காட்சி அன்று. சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள பனியாறு முடிவடையும் இடம் அது. கல்லும் மண்ணும் போர்த்திய கரிய சுவர், அதன் அடியில் ஒரு குகை, குகையிலிருந்து சீறிவரும் நீர். அடிவரை செல்ல அனுமதி இல்லை, தொலைவிலேயே நின்றோம்.

“பசுவின் முகம் எங்கே, தம்பி?” என்று அம்மையார் என்னைக் கேட்டார். குகையைக் காட்டினேன். “இது அழுக்குக் கல்லாக இருக்கிறதே!” என்று அவர் சொல்லிமுடிப்பதற்குள், சுவரின் ஒரு பகுதி பிளந்து நீரில் விழுந்தது. பீரங்கி வெடித்தாற்போன்ற ஓசை மலைக்கு மலை எதிரொலித்தது. விழுந்த இடத்தில் நீலநிறப் பனி சற்று நேரம் ஒளிர்ந்தது. அம்மையார் கைகளைக் குவித்தபடி நெடுநேரம் நின்றார்.

“என்ன வேண்டிக்கொண்டீர்கள், அம்மா?” என்றேன்.

“வேண்டிக்கொள்வதாவது! பயந்துபோய்க் கும்பிட்டேன்” என்றார்.

கோமுகத்தைக் குறித்து வைத்த முதல் அளவைகளுள் ஒன்று, இந்தியப் புவியியல் அளவைத் துறையைச் சேர்ந்த ஆடன் என்பவர் 1935-இல் செய்தது. ஆங்கிலக் கவிஞர் ஆடனின் உடன்பிறந்தவர் அவர். அதற்குப் பின்வந்த அறுபது ஆண்டுகளில் பனிமுகம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. நாங்கள் நின்ற இடத்தில் எங்கள் பாட்டனார் காலத்தில் பனி இருந்திருக்கவேண்டும். புவி வெப்பம் ஏறி வருவதால் இமயத்துப் பனியாறுகள் பெரும்பாலும் இவ்வாறே சுருங்கி வருகின்றன. ஆனால் பனி வற்றினால் கங்கையே வற்றிவிடும் என்று சிலர் எழுதுவது மிகை. காசியில் நாம் காணும் கங்கையின் பெரும்பங்கு பருவமழையும் நிலத்தடி ஊற்றும் தந்தது. மேல்மலைகளிலும் கோடை மாதங்களிலும்தான் பனிநீரின் பங்கு பெரிது. அங்கே வாழ்பவர்களுக்குத்தான் அதனால் முதல் இடர்.

திரும்பும் வழியில் எதிர்ச்சரிவில் பரல் என்னும் காட்டாடுகள் தாயும் குட்டியுமாக மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைக் கண்டதும் எனக்கு அப்பர் பெருமானின் நினைவு வந்தது. கயிலையைக் காணவேண்டும் என்று வடக்கே நடந்த நாவுக்கரசர், கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, இறுதியில் உருண்டு சென்றதாகப் பெரியபுராணம் கூறுகிறது. அவர் கயிலையை அடையவில்லை. ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லி ஆணை வருகிறது. மூழ்கியவர் எழுந்த இடம் காவிரிக்கரைத் திருவையாறு. அங்கே யானை தன் பிடியோடும், சேவல் தன் பேடையோடும் வருவதைக் கண்டார். அந்த இணைகளிலே அம்மையப்பனைக் கண்டு பாடினார். திருவையாறு எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம். அந்தப் பதிகத்தைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதில் வருபவை எல்லாம் நம் வயலோரத்து விலங்கும் பறவையுமே என்பது, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு காட்டாட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. என் மனைவியிடம் சொன்னேன். “இதற்காகவா இவ்வளவு தூரம் நடந்தீர்கள்?” என்றாள். அப்பரையும் யாரேனும் அப்படிக் கேட்டிருக்கலாம்.

இறங்கும்போது தேவப்பிரயாகை வழியாக வந்தோம். சாம்பல்நிறப் பாகீரதியும் அலகநந்தாவும் அங்கே கூடுகின்றன. அதன்பிறகுதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். கண்டம் என்னும் கடிநகர் என்று பெரியாழ்வார் பாடிய திவ்விய தேசம் அதுவே. வில்லிபுத்தூரில் பூமாலை தொடுத்தவருக்கு அந்தப் படித்துறை தெரிந்திருந்தது.

இவ்வளவோடு நான் பேச்சை முடித்திருக்கலாம், சென்ற ஆண்டு ஆகஸ்டு வராமல் இருந்திருந்தால். 2025 ஆகஸ்டு 5-ஆம் நாள் பிற்பகல், தராலிக்கு மேலே உள்ள கீர்கங்கை என்னும் சிற்றோடை, சேறும் பாறையுமாகப் பெருகி இறங்கியது. சில நிமிடங்களில் கடைவீதியும் விடுதிகளும் ஆப்பிள் தோட்டங்களும் புதைந்தன. உயிரிழந்தோரும் காணாமற்போனோரும் பலர். முன்னொரு காலத்து வெள்ளத்தில் மண்மூடி, பின்னர் தோண்டி வெளிப்படுத்தப்பட்ட கல்ப கேதார் என்னும் பழங்கோயிலும் அதில் மீண்டும் மறைந்தது. மறுகரையில் முக்பாவில் நின்றவர்கள் சீழ்க்கை அடித்தும் கூவியும், ஓடுங்கள், ஓடுங்கள் என்று எச்சரித்ததை நாடெங்கும் தொலைக்காட்சியில் கண்டோம். நாங்கள் தேநீர் அருந்திய கடையைப் படத்தில் தேடிப் பார்த்தேன். அந்த இடத்தில் சேறு ஓடிக்கொண்டிருந்தது.

தராலியின் கடைவீதி எழுந்தது, அந்த ஓடை காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் விசிறியின்மேல். மண்மூடிக் கிடந்த கோயில் ஒன்று அதற்குச் சான்றாக நடுவிலேயே இருந்தது. கோமுகத்திலிருந்து உத்தரகாசிவரை உள்ள பாகீரதிக் கரையில் கட்டுமானங்களுக்கு வரம்பு வைத்து, 2012-இல் மத்திய அரசு அதைச் சூழல் காப்பு மண்டலமாக அறிவித்தும் இருந்தது. ஆயினும் கோடைதோறும் வருவோர் கூடக்கூட, தங்குமிடம் வேண்டியிருந்தது, சாலையோரம்தான் வசதி, சாலையோரம் என்றால் ஓடையோரம். அங்கே தங்கியவர்களில் நானும் ஒருவன். ஜன்னலைத் திறந்தால் நீரோசை கேட்கும் அறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஆதலால் அவ்வூராரைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை.

இயற்கையில் இறைவனைக் காண்கிறோம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மலை தந்தையைப்போலக் காக்கும், நதி தாயைப்போலத் தாங்கும் என்று நம்பினால் தராலிக்குப் பின் அந்த நம்பிக்கை நிற்காது, நிற்கவும் வேண்டியதில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் பழைய மக்கள் அப்படி நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் மலை சொன்னதை நம்பினார்கள். பனி விழும் என்றது. அன்னையைப் பல்லக்கில் ஏற்றினார்கள். அவர்களுடைய பக்தியில் அச்சமும் கணக்கும் கலந்திருந்தன. நாக்பூர் அம்மையார் கோமுகத்தில் கும்பிட்டது போல. கும்பிடுவதற்கு மட்டும் போய், மலை சொன்னதைக் கேளாமல் திரும்பியவர்கள் நாங்கள்தாம்.

சாலை சீர்பட்டு, யாத்திரை மீண்டும் நடந்தது. 2025 அக்டோபர் 22-ஆம் நாள் அன்னகூடத்தன்று கங்கோத்ரியின் கதவுகள் வழக்கம்போல மூடப்பட்டன. பல்லக்கு முக்பாவுக்கு இறங்கியது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அன்னை எழுந்தருளியிருந்த கோயிலின் முற்றத்தில் நின்றால், எதிர்க்கரையில் கூரைகள் தெரிந்த இடத்தில் சாம்பல்நிறக் கற்கள் மட்டுமே தெரியும்.